நட்சத்திரம் பிறக்கும் இடத்திலிருந்து நியூட்ரினோ வருகிறதா?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில், தென் துருவப் பனிக்குள் நியூட்ரினோ பிடிக்கிற கருவியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். (நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகிற நுண்துகள்.) நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் மண்டலங்களிலிருந்தும் இந்தத் துகள்கள் வரக்கூடும் என்று போகிற போக்கில் சொன்னேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சூரியனிலிருந்தும் நியூட்ரினோ வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் 'உயர் ஆற்றல் நியூட்ரினோ' என்று தனியாகப் பிரிக்கிறீர்களே, ஏன்? (அறிவியல் ஆசிரியை, கோவில்பட்டி)

துகள் அதே துகள்தான் டீச்சர், ஆற்றல்தான் வேறு. துகள்களின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளப்பார்கள். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது பிறக்கிற நியூட்ரினோக்களில் பெரும்பாலானவை சில லட்சம் எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும். மிஞ்சிப்போனால் இரண்டு கோடிக்குள். எண்ணிக்கைதான் மலைக்க வைக்கும்: உங்கள் கட்டைவிரல் நகத்தளவு இடத்தை ஒரு விநாடியில் 6,000 கோடிக்கு மேல் கடந்து போகின்றன, பகலிலும் இரவிலும்.

இந்த இதழில் பேசப்போகிறவை டெரா எலக்ட்ரான் வோல்ட்டில், அதாவது லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி, அதற்கும் ஆயிரம் மடங்கு மேலே போகிறவை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் ஒரு புரோட்டானுக்கு மனிதர்கள் ஏற்ற முடிந்த ஆற்றல் 6.8 டெரா. 2013ல் தென் துருவக் குழு அறிவித்த நியூட்ரினோக்களில் இரண்டு, ஒவ்வொன்றும் ஆயிரம் டெராவைத் தொட்டவை. எந்த நட்சத்திரத்தின் அணு உலையாலும் இது முடியாது. வேறு ஏதோ ஒன்று இவற்றை உந்தித் தள்ளியிருக்கிறது, அது என்ன, எங்கே இருக்கிறது என்பதுதான் தேடல்.

கேள்வி: நட்சத்திரம் உருவாவதற்கும் நியூட்ரினோவுக்கும் என்ன சம்பந்தம்? வாயு மேகம் சுருங்கித்தானே நட்சத்திரம் உருவாகிறது, அது அமைதியான விஷயம் ஆயிற்றே? (இயற்பியல் மாணவர், நாகர்கோவில்)

நல்ல கேள்வி தம்பி. நட்சத்திரம் பிறக்கும்போது இந்த நியூட்ரினோ வருவதில்லை, பெரிய நட்சத்திரம் சாகும்போது வருகிறது. பிறப்பும் சாவும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் நடப்பதால்தான் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

வாயுவும் தூசியும் அடர்ந்த இடத்தில் நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன. சூரியன் மாதிரி இருப்பவை ஆயிரம் கோடி ஆண்டு நிதானமாக எரியும். சூரியனைப்போல் இருபது மடங்கு எடை உள்ளவையோ ஒரு கோடி ஆண்டுக்குள்ளேயே எரிபொருளைத் தின்று தீர்த்துவிட்டு சூப்பர்நோவாவாக வெடித்துவிடும். ஒரு கோடி ஆண்டு வானியலில் ரொம்பக் குறைவு, பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் நகரக்கூட அவகாசமில்லை, அதனால் வெடிக்கிற நேரத்திலும் சுற்றிலும் பிறந்தபோது இருந்த வாயு மண்டிக் கிடக்கிறது. வெடிப்பின் அதிர்வலை விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் பாய்கிறது. காந்தப்புலத்தில் சிக்கிய புரோட்டான்கள் அந்த அலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பத் திரும்பக் கடக்கின்றன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் ஏறும். இப்படி ஏறி ஏறி ஓடுகிற புரோட்டான்களைத்தான் காஸ்மிக் கதிர் என்கிறோம்.

அந்தப் புரோட்டான் வழியில் கிடக்கும் ஹைட்ரஜன் அணுவின் கருவில் மோதினால் பயான் என்ற அற்பாயுள் துகள்கள் தெறிக்கும். மின்னூட்டம் உள்ள பயான் சிதைந்தால் ஒரு மியூவானும் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) ஒரு நியூட்ரினோவும் வரும், அந்த மியூவான் சிதைந்தால் இன்னும் இரண்டு நியூட்ரினோ. ஆக ஒரு பயானுக்கு மூன்று. ஒவ்வொன்றும் மூலப் புரோட்டானின் ஆற்றலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைக் கொண்டுபோகும். மின்னூட்டம் இல்லாத பயான் சிதைந்தால் இரண்டு காமா கதிர்கள். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே மோதலில் நியூட்ரினோவும் காமா கதிரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்தே பிறக்கின்றன. பிற்பாடு வரப்போகிற எல்லாக் குழப்பமும் இதிலிருந்துதான்.

நம் பால்வீதியிலும் இதெல்லாம் நடக்கிறது. ஆனால் இங்கே ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குத்தான் புது நட்சத்திரம் உருவாகிறது, வாயுவும் அடர்த்தி குறைவு. பெரும்பாலான காஸ்மிக் கதிர்கள் எதிலும் மோதாமலே வெளியேறிவிடும். சப்தரிஷி மண்டலத்தின் பக்கம் 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற எம்82 என்ற விண்மீன் மண்டலத்தைப் பாருங்கள். பக்கத்திலுள்ள எம்81 ஈர்த்துக் கலக்கிவிட்டதால் நடுப்பகுதியில் வாயு போய்க் குவிந்திருக்கிறது. பால்வீதியைவிட உருவத்தில் எவ்வளவோ சிறியது. நட்சத்திரம் உண்டாகும் வேகமோ பல மடங்கு. அந்த அடர்த்தியில் புரோட்டான் தப்பிப் போவது கடினம், கையிலிருக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை அங்கேயே மோதிச் செலவழித்துவிடும். 2009ல் எம்82லிருந்து வரும் உயர் ஆற்றல் காமா கதிரை அரிசோனாவிலுள்ள வெரிட்டாஸ் தொலைநோக்கிகள் பிடித்தன. இப்படி நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கிறவற்றை நட்சத்திரப் பெருக்க மண்டலம் என்பார்கள். அதே ஆண்டில் அப்படிப்பட்ட இன்னொரு மண்டலமான என்ஜிசி 253லிருந்து நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் பிடித்தன. ஆக மோதல் நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. காமா வந்துவிட்டது என்றால் நியூட்ரினோவும் வந்தாக வேண்டும். பிரபஞ்சம் முழுக்க இருக்கிற இப்படிப்பட்ட மண்டலங்கள் எல்லாம் சேர்ந்தால் வானம் பூராவும் மெலிதாக ஒரு நியூட்ரினோப் பின்னணி இருக்க வேண்டும் என்று வானியற்பியலாளர்கள் ஏபிரகாம் லோப், எலி வாக்ஸ்மன் இருவரும் 2006லேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

கேள்வி: பூமியையே துளைத்துக்கொண்டு போகிற துகளை எப்படிப் பிடிக்கிறார்கள்? பனிக்கட்டியில் என்ன கருவி வைத்திருக்கிறார்கள்? (ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி)

பிடிப்பதில்லை ஐயா, அது மோதியதற்கான தடயத்தைப் பார்க்கிறார்கள். கோடானுகோடியில் ஒன்று எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதும். அந்த 'எப்போதாவது' நமக்கு வாய்க்க வேண்டுமானால் மோதுபொருள் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும், ஒளி ஊடுருவ வேண்டும், இருட்டாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒருசேரக் கிடைக்கிற இடம் அண்டார்டிகாவின் ஆழப் பனி.

ஐஸ்கியூப் என்று பெயர். தென் துருவத்தில் அமுண்ட்சன்-ஸ்காட் நிலையத்தின் பக்கத்தில். ஒரு கன கிலோமீட்டர் பனி, சுமார் 100 கோடி டன். அதற்குள் 86 கம்பி வடங்கள், ஒவ்வொன்றிலும் 60 ஒளி உணரிகள், மொத்தம் 5,160. எல்லாம் 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் ஆழத்துக்குள்.

நீங்கள் பொறியாளர் என்பதால் துளை போட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கும் மிகப் பிடித்த பகுதி இது. இரும்பு முனையை வைத்துக் குடையவில்லை, வெந்நீரைப் பீய்ச்சி உருக்கினார்கள். ஏறக்குறைய ஐந்து மெகாவாட் வெப்பத்தில் கொதிநிலையை ஒட்டிச் சுட வைத்த தண்ணீர், நீண்ட குழாயின் நுனியிலிருந்து அழுத்தத்தோடு கீழே பாயும். பனி உருகி, 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டரை கிலோமீட்டர் ஆழக் கிணறு ஒன்று இரண்டு நாளில் தயாராகும். அந்தக் கிணறு முழுக்கத் தண்ணீர், சுற்றிலும் உறைபனி. நேரம் கடத்த முடியாது, பக்கவாட்டிலிருந்து இறுகிக்கொண்டே வரும். அதற்குள் வடத்தை இறக்கியாக வேண்டும். வடத்தில் கோக்கப்படும் ஒவ்வொரு உணரியும் கெட்டிக் கண்ணாடிக் கோளம். உள்ளே கீழ்நோக்கிப் பார்த்தபடி 25 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒளிபெருக்கிக் குழாய், தனக்கென ஒரு சிறு கணினி, கடிகாரம். 17 மீட்டருக்கு ஒன்றாகக் கோத்து இறக்குவார்கள். அப்புறம் தண்ணீர் திரும்ப உறைந்துவிடும். அதோடு சரி. எந்த உணரியையும் வெளியே எடுத்துப் பழுது பார்க்க முடியாது. இப்படி 2005 ஜனவரியில் முதல் வடம், 2010 டிசம்பரில் கடைசி வடம், அதுவும் விமானம் வந்து போகக்கூடிய கோடை மாதங்களில் மட்டும் வேலை. இன்றும் நூற்றுக்கு 98 உணரிகள் நன்றாக இயங்குகின்றன. அந்த வேலையைச் செய்தவர்கள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

நியூட்ரினோ பனியில் மோதினால் மின்னூட்டமுள்ள துகள் ஒன்று கிளம்பும். பனிக்குள் ஒளி போகும் வேகத்தைவிட அது வேகமாகப் போகும்போது, படகு தண்ணீரில் அலையை விரித்துக்கொண்டு போகிற மாதிரி, நீல ஒளியை விரித்துக்கொண்டு போகும். இதைச் செரன்கோவ் ஒளி என்பார்கள். எந்த உணரி எந்த நானோ விநாடியில் அந்த நீலத்தைப் பார்த்தது என்ற கணக்கை வைத்து, துகள் எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு ஆற்றல் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கேள்வி: வருகிற நியூட்ரினோ தூரத்து மண்டலத்திலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துச் சொல்ல முடிவது மிக அபூர்வம். ஐஸ்கியூப்புக்குள் விநாடிக்கு மூவாயிரத்தை ஒட்டி மியூவான்கள் மேலிருந்து மழை மாதிரி கொட்டுகின்றன, எல்லாம் நம் வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர் மோதி உண்டானவை. இந்த மழையிலிருந்து தப்பிக்க பூமியையே வடிகட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். கீழிருந்து மேலே வருகிற மியூவான் என்றால் அது பூமியைத் துளைத்து வந்திருக்க முடியாது, பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோ பக்கத்தில் மோதி உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். ஆக, தென் துருவத்தில் உட்கார்ந்துகொண்டு வடக்கு வானத்தைப் பார்க்கிறது இந்தக் கருவி.

அதற்கப்புறமும் தொல்லை தீராது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களும் பூமியைத் துளைத்து வரும், ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில். இவற்றை விலக்க இரண்டு வழி. ஒன்று ஆற்றல்: மேலே போகப் போக வளிமண்டலச் சரக்கு மளமளவென்று குறையும், அதற்கு மேலும் தென்பட்டால் அது வெளியிலிருந்து வந்தது. 2013ல் இரண்டு ஆண்டுத் தரவிலிருந்து 28 நிகழ்வுகளை அப்படித்தான் எடுத்தார்கள், வளிமண்டலத்தால் விளக்கக்கூடியவை அதில் பத்துப் பதினொன்றுதான். இன்னொன்று திசை: வானத்தில் ஒரே புள்ளியைச் சுற்றி, இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் குவிகிறதா என்று வருஷக்கணக்கில் எண்ணிக்கொண்டே இருப்பது. மியூவான் நீண்ட கோடு மாதிரி தடம் விடும், திசை ஒரு டிகிரிக்குள் தெரியும். மியூவானை உண்டாக்காத மற்ற வகை நியூட்ரினோக்கள் உருண்டையான ஒளிச்சிதறலாகத்தான் தெரியும், அவற்றின் திசை பல டிகிரி பிசகும்.

கேள்வி: 'நட்சத்திரம் உருவாகும் மண்டலத்திலிருந்து நியூட்ரினோ கண்டுபிடிப்பு' என்று செய்தி படித்தேன். உண்மையா? (வங்கி ஊழியர், சேலம்)

செய்தியில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

2022 நவம்பரில் ஐஸ்கியூப் குழு அறிவித்தது எம்77 என்ற மண்டலத்தைப் பற்றி. இதற்கு என்ஜிசி 1068 என்றும் பெயர், திமிங்கலம் என்கிற சீட்டஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரம். அங்கிருந்து கிளம்பியவை இங்கே வந்து சேர எடுத்த காலத்தில்தான் இமயமலையின் பெரும்பகுதி எழும்பியது. 2011 மே முதல் 2020 மே வரை சேர்ந்த சுமார் 6,70,000 நிகழ்வுகளை, உணரிகளின் அளவீட்டைத் திருத்தி, திசைக் கணக்கை மேம்படுத்தி, மறுபடி அலசினார்கள். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த 110 பொருள்களின் பட்டியலில் எம்77 இருந்த இடத்தில் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 79 நியூட்ரினோ அதிகம். 1.5 முதல் 15 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை. தற்செயலாக இப்படி அமைவதற்கான வாய்ப்பு லட்சத்தில் ஒன்று. துகள் இயற்பியலில் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லுக்கு 35 லட்சத்தில் ஒன்று என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த வரம்பை இது தொடவில்லை. அதனால் அவர்கள் 'சான்று' என்றே எழுதினார்கள். செய்தியிலும் அப்படியே எழுதியிருக்கலாம்.

எம்77ல் நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கின்றன என்பது நிஜம். மையத்தைச் சுற்றி வளையமாக நட்சத்திரத் தொட்டில்கள் இருக்கின்றன. ஆனால் அதன் நடுவே இன்னொன்றும் இருக்கிறது: சூரியனைப்போல் ஒரு கோடி மடங்கு அளவில் எடையுள்ள கருந்துளை, மும்முரமாக வாயுவை இழுத்துக்கொண்டிருப்பது. 1943ல் வானியலாளர் கார்ல் செய்ஃபர்ட் பட்டியல் போட்ட, பளிச்சென்ற மையம் கொண்ட மண்டலங்களில் இதுவும் ஒன்று. சரி, நியூட்ரினோ வளையத்திலிருந்து வந்ததா, கருந்துளையின் அருகிலிருந்து வந்ததா?

இங்கேதான் அந்த இரட்டைப் பிள்ளைகள் கைகொடுக்கிறார்கள். நட்சத்திர வளையத்தில் மோதல் நடந்திருந்தால் காமா கதிரும் நியூட்ரினோவும் ஏறக்குறைய சம அளவில் வெளியே வந்திருக்கும், அங்கே காமாவைத் தடுக்க எதுவும் இல்லை. ஆனால் கேனரித் தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் எம்77ஐ நூறு மணி நேரத்துக்கு மேல் பார்த்தும் அந்த ஆற்றலில் காமா எதுவும் தென்படவில்லை. நியூட்ரினோ இருக்கிறது, கூடப் பிறந்த காமா இல்லை. அப்படியானால் காமாவை விழுங்கிவிடுகிற அளவுக்கு நெருக்கடியான இடத்தில்தான் இரண்டும் பிறந்திருக்க வேண்டும். கருந்துளையை ஒட்டி கொரோனா என்ற வெப்பப் பகுதி இருக்கிறது. எக்ஸ் கதிரும் புற ஊதாவும் அங்கே நிரம்பி வழிகின்றன, காமா அவற்றில் மோதி எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாக உருமாறிவிடும். நியூட்ரினோவுக்கு அந்தத் தடை கிடையாது.

ஆக, நட்சத்திரப் பெருக்கத்துக்குப் பேர் போன ஒரு மண்டலத்திலிருந்து நியூட்ரினோ வந்தது, அதை அனுப்பியது அங்குள்ள நட்சத்திரங்கள் அல்ல என்றே தோன்றுகிறது. தலைப்பில் 'நட்சத்திரம் உருவாகும் மண்டலம்' என்று போடுவது பொய்யில்லை, ஆனால் படிக்கிறவரைத் தப்பான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். இதைச் சொல்லத்தான் இந்த இதழை இதற்கே ஒதுக்கினேன்.

கேள்வி: அப்படியென்றால் 2006ல் போட்ட கணக்கு தப்பா? (மேலே கேட்ட நாகர்கோவில் மாணவரே, இரண்டாவது கடிதத்தில்)

அடிப்படை தப்பில்லை, பங்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ஐஸ்கியூப் பார்க்கும் மொத்தப் பின்னணியையும் நட்சத்திரப் பெருக்க மண்டலங்களே உண்டாக்கின என்று வைத்துக்கொண்டால், அவை கூடவே அனுப்பும் காமா கதிரும் வானத்தில் இருந்தாக வேண்டும். ஃபெர்மி செயற்கைக்கோள் அந்தக் காமாப் பின்னணியை அளந்துவிட்டது. அதில் பெரும்பகுதி பிளேசார்களுடையது, அதாவது நம்மைக் குறிவைத்துத் தாரை பாய்ச்சும் கருந்துளை மண்டலங்களுடையது. அதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதில் இவ்வளவு பெரிய பங்குக்கு இடம் போதவில்லை. ஆகவே நட்சத்திரங்களின் பங்கு உண்டு, முழுவதும் அவற்றுடையது இல்லை என்பதுதான் இப்போதைக்கு நியாயமான முடிவு.

'எம்82லிருந்து ஏன் இன்னும் ஒன்றும் வரவில்லை' என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரு காரணம் இடம். தென் துருவத்தில் நிற்பவருக்கு எம்77 உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை, சரியாகத் தொடுவானத்தை ஒட்டியே நாள் முழுக்கச் சுற்றும். ஐஸ்கியூப்புக்கு மிக நன்றாகத் தெரிகிற திசையே அதுதான்: பக்கவாட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பனியும் பாறையும் இருப்பதால் மியூவான் மழை வடிகட்டப்பட்டுவிடும், நியூட்ரினோவோ வழியில் உறிஞ்சப்படாது. எம்82 வடக்கே 70 டிகிரியில் இருக்கிறது, துருவத்திலிருந்து பார்த்தால் அது காலுக்குக் கீழே. அங்கிருந்து வரும் நியூட்ரினோ பூமியின் இரும்பு மையத்தையே கடந்து 12,000 கிலோமீட்டர் வர வேண்டும், நூறு டெராவைத் தாண்டினால் கணிசமானவை வழியிலேயே தீர்ந்துபோகும். என்ஜிசி 253 தெற்கு வானத்தில் இருக்கிறது, ஐஸ்கியூப்புக்குத் தொடுவானத்துக்கு மேல் பக்கம், மியூவான் மழை கொட்டும் திசை. பக்கத்தில் இருக்கிற இரண்டு முக்கிய நட்சத்திரப் பெருக்க மண்டலங்களும் இப்படி வசதியில்லாத மூலைகளில் அமைந்துவிட்டன. அவற்றிலிருந்து எதிர்பார்க்கும் அளவும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிசிலி அருகே மத்தியதரைக் கடலில் 3,450 மீட்டர் ஆழத்தில் கேஎம்3நெட் என்ற கருவியை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குத் தெற்கு வானம் காலுக்குக் கீழே வரும். என்ஜிசி 253ஐப் பொறுத்தவரை என் நம்பிக்கை அதன் மேல்தான். முழுசாகக் கட்டி முடிப்பதற்கு முன்னாலேயே, 21 வடங்கள் மட்டும் இருந்தபோது, 2023 பிப்ரவரி 13ல் சுமார் 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் (அதாவது 2,20,000 டெரா) என்று மதிப்பிடப்பட்ட ஒரு நியூட்ரினோவின் தடத்தை அது பதிவு செய்தது. இன்றுவரை பார்த்ததில் இதுதான் உச்சம். அனுப்பியது யார் என்று அடையாளம் காண முடியவில்லை.

இன்னொன்று, இதை அதிகம் பேர் இந்தக் கோணத்தில் சொல்வதில்லை. 2023 ஜூனில் ஐஸ்கியூப் குழு பால்வீதியின் தளத்திலிருந்தே நியூட்ரினோ வருவதை அறிவித்தது. பத்தாண்டுத் தரவில், அந்த உருண்டைச் சிதறல் நிகழ்வுகளை இயந்திரக் கற்றல் முறையில் அலசி எடுத்தார்கள். எம்77ஐவிட வலுவான சான்று. காஸ்மிக் கதிர் வாயுவில் மோதினால் வரவேண்டிய வடிவத்தோடு அது ஒத்துப்போகிறது, தனித்தனி மூலங்களும் அதில் கலந்திருக்கலாம். பால்வீதியும் நட்சத்திரம் உருவாகிற மண்டலம்தானே தம்பி! நிதானமாகத்தான் உருவாகிறது, ஆனாலும் 2006ல் சொன்ன அதே வழியில், வாயுவில் புரோட்டான் மோதி வந்த நியூட்ரினோ என்று இன்றைக்கு நாம் கைகாட்டக்கூடிய மண்டலம் நாம் குடியிருக்கிற இதுதான். நியூட்ரினோக்களைக் கொண்டு பால்வீதியை வரைந்த அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: இவ்வளவு ஆற்றலுள்ள துகள் உடம்பைத் துளைத்தால் குழந்தைகளுக்கு ஏதாவது ஆகுமா? (இல்லத்தரசி, கரூர்)

ஒன்றும் ஆகாது அம்மா. ஒரு கன கிலோமீட்டர் பனியில் இவை மோதுவதையே வருஷக்கணக்கில் காத்திருந்து எண்ணுகிறார்கள். குழந்தையின் சின்ன உடம்பில் அப்படி ஒன்று மோதுவது அதன் வாழ்நாளில் நடக்கிற காரியமில்லை.

கேள்வி: தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகமும் இதற்குத்தானா? (விவசாயி, போடி)

இல்லை ஐயா, அது வேறு. 50,000 டன் காந்த இரும்பு அடுக்குகளை மலைக்குள் வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் வகை மாறுவதை ஆராய்வதற்கான திட்டம் அது. ஆற்றலில் டெராவுக்கு வெகு கீழே. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தும், உள்ளூர் எதிர்ப்பு, வழக்கு, அனுமதி என்று நின்றுபோனது உங்களுக்கே தெரியும். வானத்திலிருந்து வரும் நியூட்ரினோவால் உங்கள் தோட்டத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்பதை எந்த மேடையிலும் சொல்வேன். மலையைக் குடைவது, வெடி வைப்பது, நீரோட்டம் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் கவலைகள் வேறு. அவை நியாயமான கேள்விகள், பதில் சொல்ல வேண்டியது திட்டம் போட்டவர்களின் கடமை.

ஆனால் நியூட்ரினோ ஆராய்ச்சியில் நமக்குப் பழைய உறவு ஒன்று உண்டு. 1965ல் கோலார் தங்கவயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்துச் சுரங்கத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தன. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெட்ரிக் ரைனஸின் குழுவும் பார்த்தது, வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பார்த்தவர்கள் இந்த இரண்டு குழுக்கள்தான். அந்தத் தங்கவயலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிய தொழிலாளர்களில் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அவர்கள் வெட்டிய ஆழம்தான் அந்தப் பரிசோதனைக்கு மியூவான் மழையிலிருந்து குடை பிடித்தது.

கேள்வி: எம்77ஐ நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா? (பிளஸ் டூ மாணவி, புதுக்கோட்டை)

முடியும் பாப்பா, தாராளமாக. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சின்னத் தொலைநோக்கி வேண்டும், தெருவிளக்கு இல்லாத இடமும் வேண்டும். மார்கழி தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு வெளியே வா. கார்த்திகைக் கூட்டம் உச்சியை ஒட்டி வடகிழக்கே மின்னிக்கொண்டிருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி. கார்த்திகையிலிருந்து தென்மேற்கே மூன்று முஷ்டி தள்ளிப் பார்த்தால் டெல்டா சீட்டி என்ற மங்கலான நட்சத்திரம் இருக்கும். கைபேசியில் வான வரைபடச் செயலி இருந்தால் பெயரைப் போட்டுத் தேடு. அந்த நட்சத்திரத்துக்கு ஒரு டிகிரிக்குள், தொலைநோக்கியின் ஒரே பார்வையில் அடங்குகிற தூரத்தில், சாம்பலை விரலால் இழுவிய மாதிரி ஒரு சின்னத் தீற்றல் தெரியும், நடுவில் கொஞ்சம் கெட்டியாக. நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துப் பார். எம்82க்கு பங்குனி வரை பொறுத்திரு, வடக்கே தாழ்வாக வரும், மொட்டை மாடியில் வடக்குப் பக்கம் மரம் மறைக்காத மூலையாகப் பார்த்துக்கொள்.